நடுக்கடலில் சின்ன மனுஷனாகிவிட்டேன்

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயது 44. சொந்த ஊர் காரைக்குடி. பல வருடமாக இங்கிலாந்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறேன், முப்பது பேர் எனக்குக் கீழே. ஒரு வருட விடுப்பும் சேமிப்பில் பெரும்பகுதியும் போட்டு, உலகைச் சுற்றி வரும் பாய்மரப் படகுப் பந்தயம் ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். படகே ஏறாதவர்களும் பணம் கட்டி, பயிற்சி எடுத்துக் கலந்துகொள்கிற பந்தயம். எங்கள் படகில் இருபது பேர். ஸ்கிப்பர் எனப்படும் படகுத் தலைவரும் அவருக்கு அடுத்தவரும் மட்டும்தான் இதைத் தொழிலாகச் செய்பவர்கள்.

அட்லாண்டிக்கைக் கடந்து உருகுவே போய், அங்கிருந்து கேப் டவுன் வந்து சேர்ந்துவிட்டோம். அடுத்த வாரம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்ப வேண்டும்.

முன்பு போய் வந்தவர்கள் எல்லாரும் ‘திரும்பி வந்தது வேறு ஆள்’ என்றார்கள். நானும் நிதானமான, தைரியமான ஆளாகத் திரும்புவேன் என்று நம்பித்தான் வந்தேன். நடப்பது தலைகீழ். யார் எத்தனை சாக்லேட் எடுத்தார்கள் என்று எண்ணுகிறேன். சுக்கான் பிடிக்க இன்னொருவருக்குக் கூடுதல் நேரம் கொடுத்தால் வயிறு எரிகிறது. முறை வைத்து வேலை பார்ப்பதை வாட்ச் என்போம். எங்கள் வாட்ச் லீடர் 26 வயது நர்ஸ். அவர் ‘கயிற்றை விடுங்கள்!’ என்று சத்தம் போட்டால் அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும்விட மோசமானது இது. ஒரு நாள் பின்னிரவில் முன்பாயை மாற்ற வேண்டியிருந்தது. காற்று ஏறிக்கொண்டே போனது. கடல் நோய் என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன். உண்மையில் பயம். எனக்குப் பதிலாக 63 வயதுக்காரர் ஒருவர் முன்தளத்துக்குப் போனார். விரல் நசுங்கி, நகம் பெயர்ந்து திரும்பி வந்தார். காலையில் அவரே எனக்கு இஞ்சி பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்து, ‘இப்போது பரவாயில்லையா?’ என்று கேட்டார்.

இதுதான் என் உண்மையான முகமா? வளர்வதற்காக வந்த இடத்தில் சின்ன மனுஷனாகிவிட்டேன். மேலே போகவா, இங்கேயே இறங்கிவிடவா? மனைவியிடம் ‘சூப்பராகப் போகிறது’ என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம், கேப் டவுனிலிருந்து

பதில்:

உங்களுக்கு நாள் குறைவு என்பதால் சுருக்கமான பதிலை அன்றைக்கே அனுப்பிவிட்டேன். இது அதன் நீண்ட வடிவம். உங்கள் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, பந்தயத்தின் பெயரையும் எடுத்துவிட்டு வெளியிடுகிறேன்.

முதலில் தூக்கக் கணக்கைப் பார்த்துவிடலாம். மனநல ஆலோசகராக நான் அதிகம் பேசுவது சரக்குக் கப்பல்களில் வேலை பார்ப்பவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும்தான். கப்பல் ஊழியர்களுக்குச் சர்வதேச விதி ஒன்று உண்டு: 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு, ஏழு நாளில் 77 மணி நேரம். அந்தப் பத்தை இரண்டாகப் பிரிக்கலாம், ஆனால் ஒரு துண்டாவது ஆறு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. எத்தனையோ விபத்துகளுக்குப் பிறகு எழுதப்பட்ட விதி அது. உங்களைப் போன்ற படகுகளில் வழக்கமாகப் பகலில் ஆறு மணி நேர வாட்ச் இரண்டு, இரவில் நான்கு மணி நேர வாட்ச் மூன்று. உங்களுக்குக் கிடைக்கும் மிக நீண்ட இடைவெளியே ஆறு மணி நேரம், அதுவும் பகலில். அதற்குள் நனைந்த உடுப்பைக் கழற்றி, சாப்பிட்டு, படகின் அடியில் தேங்கிய தண்ணீரை இறைத்து, படுத்து, மறுபடி அரை மணி நேரம் முன்னதாக எழுந்து, சாய்ந்து கிடக்கிற படகில் ஒற்றைக் காலில் நின்று கால்சட்டையை மாட்ட வேண்டும். நல்ல நாளில் சேர்ந்தாற்போல் நான்கு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிர்ஷ்டம். வாரக்கணக்கில் இப்படி.

நம் ஊர்க் கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் நாள், யாருமே சரியாகத் தூங்காத நிலையில், காபி யாருக்கு முதலில் போனது என்பதற்காக அண்ணன் தம்பி பேச்சு நின்றுபோகிறது. யாரும் திடீரென்று கெட்டவராகிவிடவில்லை. தூக்கம் குறைந்தால் சாதாரண முகம்கூட முறைப்பதுபோலத் தெரியும், சின்ன இழப்பு பெரிதாக வலிக்கும், கோபத்தை அடக்கும் பிடி தளரும். சாக்லேட் எண்ணிக்கை, சுக்கான் பொறாமை இரண்டையும் தயங்காமல் இந்தக் கணக்கில் எழுதுங்கள். கேப் டவுனில் நான்கு இரவு நன்றாகத் தூங்கிய பிறகும் அடுத்தவர் தின்ற சாக்லேட் நினைவில் நின்றால் அப்போது பேசலாம்.

சரி, அந்தப் பொய்யும் தூக்கத்தின் கணக்கில் போகுமா? போகாது. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் அந்த நர்ஸ். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி எழுதிய வரிகளில்தான் எனக்கு உங்களை நன்றாகத் தெரிந்தது. அலுவலகத்தில் யாராவது உங்களிடம் கடைசியாக எப்போது குரல் உயர்த்தினார்கள்? முப்பது பேருக்கு மேலாளரிடம் எதையும் சுற்றி வளைத்து, தேன் தடவித்தான் சொல்வார்கள். அந்த மரியாதை உங்கள் குணத்துக்குக் கிடைத்ததா, நாற்காலிக்குக் கிடைத்ததா என்று பிரித்துப் பார்க்க இதுவரை வாய்ப்பே வரவில்லை. இப்போது வந்திருக்கிறது, வலிக்கிறது. காற்றின் முழு இழுவையும் தாங்கி வின்ச்சில், அதாவது கயிறு இழுக்கும் உருளையில், சுற்றியிருக்கும் கயிறு, விரல் மாட்டினால் விரலை எடுத்துக்கொண்டு போகும். அந்த நொடியில் ‘தயவுசெய்து’ என்று தொடங்க அவருக்கு நேரமில்லை. அவர் காப்பாற்றப் பார்ப்பது உங்கள் கையை.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கப்பல்களில் சுக்கான் பிடிப்பவர் அதிகாரி சொன்ன உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்வார். நீங்களும் அதைச் செய்யுங்கள். அவர் ‘விடுங்கள்’ என்றால் நீங்களும் ‘விடுகிறேன்!’ என்று உரக்கச் சொல்லுங்கள். காதில் சரியாக விழுந்தது என்பது அவருக்குத் தெரியும். உங்களுக்கும் அது திட்டு வாங்கிய நிமிஷமாக இருக்காது, சேர்ந்து செய்த வேலையாக மாறும். வாயைத் திறந்தவருக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது கொஞ்சம் கஷ்டம்.

‘வேறு ஆளாகத் திரும்பினேன்’ என்கிற பேச்சின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், 1968 ஜூனில் இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து சுஹைலி என்ற 32 அடிப் படகில் தனியாகக் கிளம்பினார். பம்பாயில் தேக்கில் கட்டிய படகு அது. எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றிவிட்டு 1969 ஏப்ரல் 22 அன்று அதே ஊரில் வந்து இறங்கினார். அப்படிச் செய்த முதல் மனிதர். பத்து மாதத்துக்கு மேல் கடலும் தானுமாக இருந்தவர். போகும் முன்பும் வந்த பின்பும் ஒரு மனநல மருத்துவர் அவரைப் பரிசோதித்தார். இரண்டு முறையும் ஒரே தீர்ப்பு: ‘கவலைப்படும் அளவுக்குச் சாதாரணமாக இருக்கிறார்.’ என் தொழிலில் எனக்குப் பிடித்த மருத்துவக் குறிப்புகளில் இது ஒன்று.

ஆராய்ச்சியும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. அமெரிக்காவில் பட்ரீஷியா ஃப்ரேசியரும் அவருடைய குழுவும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களை முதலில் ஒருமுறை அளந்துவைத்தார்கள். இடையில் கடுமையான அனுபவம் ஒன்றைச் சந்தித்தவர்களை மறுபடி அளந்தார்கள். ‘இதனால் நான் இவ்வளவு வளர்ந்துவிட்டேன்’ என்று அவர்கள் சொன்னதற்கும், முன்னும் பின்னும் அளந்ததில் தெரிந்த மாற்றத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இல்லை. பொய் சொன்னார்கள் என்று அர்த்தமில்லை. பட்ட கஷ்டத்துக்கு ஒரு பலன் இருந்தாக வேண்டும் என்று மனசு கணக்கை நேர் செய்துகொள்கிறது. உங்கள் விஷயத்தில் சேமிப்பில் பெரும்பகுதியும் ஒரு வருடமும் போயிருக்கிறது. பலன் வந்தே தீர வேண்டும் என்ற நெருக்கடி இன்னும் அதிகம். அதனால்தான் நாள் தவறாமல் உங்களையே எடை போட்டுப் பார்க்கிறீர்கள்.

இப்போது பொய்.

நாக்ஸ்-ஜான்ஸ்டன் போனது ஒரு பந்தயத்தில். அதில் ஒன்பது பேர் கிளம்பினார்கள். முடித்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களில் டொனால்ட் க்ரோஹர்ஸ்ட் என்ற மின்னணுப் பொறியாளரும் ஒருவர். வீட்டையும் தொழிலையும் பணயம் வைத்து, தயாராகாத படகில், கெடு முடியும் கடைசி நாளான 1968 அக்டோபர் 31 அன்று புறப்பட்டார். படகு தாங்காது என்று சில வாரங்களில் அவருக்கே தெரிந்துவிட்டது. திரும்பினால் எல்லாம் போகும், மேலே போனால் உயிர் போகும். இரண்டையும் செய்யாமல் தென் அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாக வானொலியில் பொய்யான இடங்களைச் சொன்னார். அவர் நெருங்கி வருவதாக நம்பி, நைஜல் டெட்லி என்பவர் ஏற்கனவே அடிபட்டிருந்த தன் படகை விரட்டினார். பயணத்தின் கடைசிக் கட்டத்தில் அது மூழ்கியது. டெட்லி தப்பித்தார். க்ரோஹர்ஸ்ட்டின் படகு 1969 ஜூலை 10 அன்று ஆளில்லாமல் மிதந்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனக்குக் கிடைத்த 5,000 பவுண்டு பரிசை அவருடைய குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் பொய் அந்த அளவுடையதும் அல்ல. ஒரே ஒரு விஷயத்துக்காகச் சொல்கிறேன்: ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்ல அவர் பக்கத்தில் ஆளே இல்லை. உங்களுக்குப் பத்தொன்பது பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவர் பிஸ்கட்டோடு வந்து நலம் விசாரித்தவர்.

ஆகவே கிளம்பும் முன் அவரிடம் பேசுங்கள். கரையில், இருவரும் காலாற நடக்கும்போது. ‘அன்றைக்கு எனக்குக் கடல் நோய் இல்லை. பயந்துபோய்ப் பொய் சொன்னேன். நீங்கள் போனீர்கள், விரல் நசுங்கிவிட்டது. மன்னியுங்கள்.’ இவ்வளவு போதும். உங்கள் குழந்தைப் பருவம், அப்பாவின் கண்டிப்பு, அலுவலக அழுத்தம் எதுவும் அதில் வரக்கூடாது. அவர் கோபப்பட்டால் படட்டும். அவர் உங்களுக்குச் சமாதானம் சொல்லும் நிலைமையை மட்டும் உருவாக்கிவிடாதீர்கள். நகம் பெயர்ந்தது அவருக்கு.

அப்புறம் வாட்ச் லீடரிடமும் சொல்ல வேண்டும். இதில் உங்கள் மனசாட்சிக்கு இரண்டாம் இடம்தான். இரவில் ஆளை முன்தளத்துக்கு அனுப்புகிறவருக்கு யார் திடமாக இருக்கிறார், யார் நடுங்குகிறார் என்று தெரிந்தாக வேண்டும். ‘பயமாக இருக்கிறது, நான் பாய்மரத்தடியில் நின்று கயிறு பார்க்கிறேன்’ என்பது அவருக்கு உபயோகமான தகவல். ‘கடல் நோய்’ என்பது தவறான தகவல். சரக்குக் கப்பல்களிலும் இதே வியாதிதான். எதைக் கேட்டாலும் ‘ஓகே சார்’ என்று சொல்லப் பழகிய பிள்ளைகளைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பயத்தை மொத்தமாக வைத்துக்கொள்ளாமல் உடைத்துப் பாருங்கள். எதற்குப் பயம்? அலை அடித்துக்கொண்டு போய்விடும் என்றா, இருட்டில் எந்தக் கயிறு எது என்று தெரியாமல் மற்றவர்கள் முன் விழிப்போம் என்றா, கை மாட்டிக்கொள்ளும் என்றா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும்போதே ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு முன்தளத்துக்குப் போங்கள். இடுப்புக் கயிற்றின் கொக்கியைத் தளத்தில் ஓடும் பாதுகாப்பு நாடாவில் மாட்டுங்கள், கழற்றுங்கள், கையுறையோடும் கையுறை இல்லாமலும். முன்பாயின் கொக்கிகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவித் திறந்து மூடுங்கள். பாயை ஏற்றி இறக்கும் கயிறு பாய்மரத்தடியில் எத்தனையாவது என்பது விரலுக்குத் தெரிய வேண்டும். இரண்டு பேர் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இதை எத்தனை முறை செய்தாலும் தெற்குக் கடலின் இரவு வேறு மாதிரிதான் இருக்கும். ஆனால் பயத்தில் ஒரு பங்கு கை பழகாத பயம், அது கரையிலேயே கழியும்.

உங்கள் வளர்ச்சியை அளக்கும் நாட்குறிப்பு ஏதாவது எழுதுகிறீர்கள் என்றால் கொஞ்ச நாள் மூட்டை கட்டி வையுங்கள். நான் கேட்டவரை, இந்த மாதிரிப் படகுகளில் மனிதர்கள் ஒருவரையொருவர் எடை போடுவது புயலில் அல்ல, சமையல் முறை வரும் நாளில். மதர் வாட்ச் என்பீர்கள். இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க இருபது வயிற்றுக்குச் சமைத்து, பாத்திரம் கழுவி, கழிவறை தேய்க்கிற முறை. அடுப்பு மட்டும் படகின் சாய்வுக்கு ஏற்ப ஆடி ஆடி மட்டமாக நிற்கும். நீங்கள் சாய்ந்தபடியே நிற்பீர்கள். பிசைந்த ரொட்டி மாவு ஒரு பக்கம் வழியும், குழம்புச் சட்டியை ஒரு கை பிடித்திருக்கும், மறு கை உங்களையே பிடித்துக்கொள்ளும், மூன்றாவது கை இருந்தால் கரண்டி. அன்றைக்கு யார் முணுமுணுக்காமல் சமைத்தார், யார் இரவு வாட்ச்சுக்குக் கிளம்புகிறவர்களுக்குக் கேட்காமலே வெந்நீர் வைத்திருந்தார் என்பதை எல்லாரும் நினைவு வைத்துக்கொள்வார்கள். பசியோடு இருப்பவனுக்கு ஞாபகசக்தி அதிகம்.

அந்தப் பக்கமாகக் கவனத்தைத் திருப்புங்கள் என்பதே என் ஆலோசனையில் முக்கியமான பகுதி. வாட்ச் முடிந்து கீழே இறங்கும் முன், வரப்போகிறவருக்கு எதைத் தயாராக வைத்திருக்கிறோம் என்று ஒரு தடவை பாருங்கள். கயிறுகள் சுருட்டியிருக்கின்றனவா, ஃபிளாஸ்க்கில் வெந்நீர் இருக்கிறதா, காற்று எந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று சுக்கான் வாங்குகிறவரிடம் சொல்லியாயிற்றா. இதைச் செய்கிற நேரத்தில் நான் வளர்கிறேனா தேய்கிறேனா என்ற கேள்வி எழாது. ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து, அலுவலகத்தில் யாரோ ஒருவர் ‘முன்னெல்லாம் மீட்டிங்கில் யாரையும் பேசி முடிக்க விட மாட்டீர்களே’ என்று சொல்வார். மாற்றம் ஏதாவது இருந்தால் அப்படித்தான் தெரியவரும், அடுத்தவர் வாயிலிருந்து.

இனி, போகவா வேண்டாமா. போங்கள் என்பது என் எண்ணம். ஆனால் எதிர்ப்பக்கத்தையும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். அடுத்து வருவது நாலாயிரத்துச் சொச்சம் கடல் மைல். ஆப்பிரிக்காவின் தென்முனையில் அகுல்ஹாஸ் நீரோட்டமும் எதிர்க்காற்றும் மோதினால் அலை சுவர் மாதிரி நிமிரும். அதைத் தாண்டிக் கீழே போனால் நாற்பதாவது அட்சரேகைக்குத் தெற்கே மேற்குக் காற்று, தடுக்க அதிகம் நிலமில்லாமல் உலகைச் சுற்றி ஓடுகிற இடம். நம் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, தனியாளாக உலகைச் சுற்றும் பந்தயம் ஒன்றில், 2018 செப்டம்பரில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பு உடைந்து, எழக்கூட முடியாமல் கிடந்தது இதே தென் இந்தியப் பெருங்கடலில்தான். பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல் ஒன்று போய் மீட்டது. 2022இல் அவர் அதே பந்தயத்துக்குத் திரும்பப் போனார், 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார். பத்திரிகைகள் மனவலிமை என்று எழுதின. இடையில் அறுவை சிகிச்சையும், நடக்கவே புதிதாகப் பழகிய மாதங்களும் இருந்தன. அவை தலைப்பில் வரவில்லை.

ஸ்கிப்பர் மீது உங்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால் இறங்குங்கள். கரையில் மெத்தையில் படுத்தும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, ‘நான் இல்லாமல் போனால்தான் என்ன’ என்ற மாதிரி எண்ணம் தலைகாட்டுகிறது என்றால் இன்றைக்கே ஸ்கிப்பரிடமும் ஒரு மருத்துவரிடமும் சொல்லுங்கள், பந்தயம் அப்புறம். இவை எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. இருப்பது வெட்கம். வெட்கத்தோடு இறங்கினால் கடைசியாக நீங்கள் செய்த காரியம் அந்தப் பொய்யாகவே நின்றுவிடும். பேச வேண்டியவர்களிடம் பேசிவிட்டு, அதற்கப்புறமும் ‘எனக்கு இந்தக் கடல் வேண்டாம்’ என்று தோன்றினால் தாராளமாக இறங்கலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

போவதாக இருந்தால் இன்னொன்றையும் தெரிந்துகொண்டு போங்கள். துருவ நிலையங்கள் போன்ற ஒதுங்கிய இடங்களில் நீண்ட காலம் இருப்பவர்களிடம், பாதி தாண்டிய பிறகு மனசு தொய்கிறது என்று 1991இல் இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் கப்பல்காரர்கள் பலர் தங்கள் அனுபவமாக இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன். புதுமை போய்விட்டது, முடிவு கண்ணுக்குத் தெரியவில்லை. உங்கள் பந்தயத்தில் அது இன்னும் சில மாதம் கழித்து வரலாம். அன்றைக்குப் புயலே இருக்காது, வெறும் சலிப்பு. அதற்காகப் பிடித்த ஏதாவது ஒரு பொட்டலத்தை இப்போதே கேப் டவுனில் வாங்கிப் பைக்குள் அடியில் போடுங்கள். ஊறுகாய் கிடைத்தாலும் சரி.

மனைவி விஷயம். ‘சூப்பராகப் போகிறது’ என்று நீங்கள் சொன்னதை அவர் முழுதாக நம்பியிருப்பார் என்று நினைக்கவில்லை. உங்கள் படகு எங்கே போகிறது என்பதை வரைபடத்தில் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறவர், காற்று கூடிய இரவு எது என்பதும் தெரிந்தவர். பயந்ததையும் பொய் சொன்னதையும் சொல்லுங்கள். முதலில் 63 வயதுக்காரரிடம், அடுத்து வாட்ச் லீடரிடம், அப்புறம் வீட்டில். வரிசை மாற வேண்டாம், வீட்டில் சொல்லி மனசு லேசாகிவிட்டால் மற்ற இரண்டும் தள்ளிப்போகும். கேப் டவுனுக்கும் இங்கிலாந்துக்கும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் வித்தியாசம், அவர் தூங்கியிருப்பார் என்ற சாக்கு செல்லாது.